கரண்ட் போனாலும் மணி அடிக்க வேண்டும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் வீடுகளின் விறாந்தையில் 067 என்று தொடங்கும் எண்ணோடு ஒரு தொலைபேசி இருந்த காலம் போய், ஆளுக்கொரு கைபேசி வந்துவிட்டது. கத்தாரிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பிலோ ஐமோவிலோ கோல் எடுக்கிறார்கள். அந்தக் கோல் ஓர் ஆளுக்கு வருகிறதே தவிர, வீட்டுக்கு வருவதில்லை. இந்தக் கரையில் வீடு பெரும்பாலும் மகளுக்கே போகும்; வயதான உம்மாவும் வாப்பாவும் அவளோடுதான் இருப்பார்கள். மகள் படிப்பிக்கவோ கந்தோருக்கோ போனால் கைபேசியும் கூடவே போய்விடும். மகனின் குரலைக் கேட்க உம்மா அவள் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

இதற்குத் தோதான கருவி ஒன்று இருக்கிறது: ஐபி போன். கணினியும் வேண்டாம், ஸ்மார்ட் போனும் வேண்டாம். பார்வைக்குப் பழைய மேசைத் தொலைபேசிதான். வயரை ரவுட்டரில் செருகினால், சேவை தரும் நிறுவனத்தின் கணினியில் தன்னைப் பதிந்துகொண்டு வழக்கமான ஓர் எண்ணில் மணி அடிக்கும். ஸ்ரீலங்கா டெலிகொமின் ஃபைபர் இணைப்பு எடுத்த வீடுகளில் உள்ள தொலைபேசியும் உள்ளுக்குள் இதே வகைதான். அங்கே குரல் ஒளியிழை வழியே தரவாகவே போகிறது. தங்கள் வீட்டில் ஏற்கெனவே இருப்பது இணையத் தொலைபேசி என்பது பலருக்குத் தெரியாது.

ரிசீவரைத் தூக்கினால் பேசலாம். திரையைத் தடவிப் பழகாத உம்மம்மாவுக்கு இதைவிட லேசான வழி கிடையாது.

வாங்குகிறவர்கள் அதைச் சரியான நேரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் ஜி.711 முறையில் குரலுக்கு ஒரு திசைக்கு விநாடிக்கு 90 கிலோபிட் இருந்தால் போதும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு இரு திசைக்கும் சேர்த்து ஏறக்குறைய 80 மெகாபைட் செலவாகும். பேச்சைக் கெடுப்பது தாமதம். ஒரு பக்கத்துக் குரல் 150 மில்லி செக்கனுக்குள் மறுபக்கம் போய்ச் சேர்ந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். காலையில் வீடு வெறிச்சோடிக் கிடக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் கேட்கும். இஷாவுக்குப் பிறகு பிள்ளைகள் யூடியூப்பில் இருக்கும்போது பேசிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்போது இருவர் பேச்சும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

லண்டனில் இருக்கும் மகன் அந்த ஊர் எண்ணோடு ஒரு கருவியை வாங்கி உம்மாவுக்கு அனுப்பலாம். அவனுக்கு அது உள்ளூர் அழைப்புத்தான். ஆனால் அதில் 1990 அழுத்தினால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வராது; 119 அழுத்தினால் நமது பொலிஸ் கிடைக்காது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைப்பது கட்டாயம். துபாயில் இருப்பவர்களுக்கு வேறு சிக்கல். ஐக்கிய அரபு அமீரகம் அனுமதி பெறாத இணைய அழைப்புகளைத் தடுக்கிறது. சவூதி அரேபியா தன் நாட்டில் இருந்த அத்தகைய தடையை 2017 செப்டம்பரில் தளர்த்தியது.

தடை நமது நாட்டிலும் வந்திருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டக் கலவரத்தின்போது வாட்ஸ்அப்பும் வைபரும் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு மீண்டும் முடக்கப்பட்டன. ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் துப்பாக்கிச் சூடும் வெடிப்பும் நடந்தபோதும் அந்தத் தடை நீங்கியிருக்கவில்லை. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் உம்மா வாப்பாவின் குரலைக் கேட்கத் துடித்த இரவு அது. ஒரு செயலியை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பம் அப்படிப்பட்ட நேரத்தில் கைவிடப்படுகிறது. வழக்கமான எண்ணில் மணி அடிக்கும் வீட்டுத் தொலைபேசிக்கு வாட்ஸ்அப் தேவையில்லை.

ஆனால் அதற்குக் கரண்ட் தேவை. கவலைக்குரிய இடம் இதுதான். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையமே 48 வோல்ட் மின்சாரத்தை அனுப்பியது. ஊரே இருண்டாலும் அது பேசியது. பிறகு வந்த சிடிஎம்ஏ பெட்டிகளுக்குள்ளும் பேட்டரி இருந்தது. ஐபி போனும் ரவுட்டரும் கரண்ட் போன கணமே செத்துவிடும். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நாம் அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழந்தது. நள்ளிரவில் வாப்பாவுக்கு நெஞ்சு வலித்து, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குப் போக வண்டி கூப்பிட வேண்டிய நேரத்தில் கரண்ட் இல்லாமலும் இருக்கலாம். 2004 டிசம்பர் சுனாமியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கடலுக்குக் கொடுத்த மாவட்டத்தில் இந்த அச்சத்தை மிகை என்று யாரும் சொல்ல முடியாது.

தீர்வு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வீடுகளுக்கு வரும் ஒளியிழையில் தெருவோரம் மின்சாரம் தேவைப்படும் கருவி பெரும்பாலும் கிடையாது. தொலைபேசி நிலையத்தில் மின்சாரம் இருந்து, வீட்டிலுள்ள ரவுட்டர் பெட்டிக்கும் போனுக்கும் கிடைத்தால் மணி அடிக்கும். பெட்டியும் போனும் சேர்ந்து 15 வாட் எடுத்தால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி நாலைந்து மணி நேரம் தாங்கும்.

அமெரிக்காவில் இணையவழி வீட்டுத் தொலைபேசி தரும் நிறுவனங்கள், கேட்கும் வாடிக்கையாளருக்கு 8 மணி நேரம் தாங்கும் பேட்டரியை விற்க வேண்டும் என்று 2015இல் விதி வந்தது. பின்னர் 24 மணி நேரம் தாங்குவதையும் விற்க வேண்டும் என்றானது. பிரித்தானியாவில் செப்புக் கம்பிச் சேவையை 2027 ஜனவரிக்குள் நிறுத்தப் போகிறார்கள். அங்கே வீட்டுத் தொலைபேசியையே நம்பியிருப்பவர்களுக்கு, மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு எடுக்க வழி தர வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2018இலேயே சொல்லிவிட்டது.

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் அப்படி ஒரு விதியை எழுதலாம், எழுத வேண்டும். புதிய இணைப்புக்கான விண்ணப்பத்திலேயே கரண்ட் போனால் இந்தத் தொலைபேசி வேலை செய்யாது என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். அதன் கீழேயே பேட்டரி வேண்டுமா என்று கேட்க வேண்டும். தனியாக வாழும் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அதை இலவசமாகவும், மற்றவர்களுக்கு மாதக் கட்டணத்தோடு தவணையிலும் கொடுக்க வேண்டும்.