சிலந்தி தெரியும், கூண்டு தெரியுமா?



ராபர்ட் புரூஸ் கதை தெரியாத ஆள் நம்ம பள்ளியில் இருக்க முடியாது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கதை சொல்லச் சொன்னால் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். போரில் தோற்ற ராஜா குகைக்குள் ஒளிந்தார். அங்கே ஒரு சிலந்தி விழுந்து விழுந்து கடைசியில் வலையைக் கட்டியது. அதைப் பார்த்து ராஜா எழுந்து போய் ஜெயித்தார். ஆகவே மாணவர்களே, விடாமுயற்சி வேண்டும். எல்லோரும் கை தட்டுவோம், வகுப்புக்குப் போவோம்.

அந்தச் சிலந்தி மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா அந்த ராஜாவுக்கு ஒரு மனைவி, ஒரு மகள், அக்கா தங்கச்சிங்க எல்லாம் இருந்தாங்க. ராஜா ஒளிந்திருந்தப்போ அவங்க எங்கே இருந்தாங்கன்னு ஒருத்தரும் சொல்றதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயம். புரூஸ் இறந்து 50 வருஷத்துக்குள், சுமார் 1375-ல், ஜான் பார்பர் என்பவர் அவரைப் பற்றி ஒரு பெரிய காவியம் எழுதினார். அதில் சிலந்தியே கிடையாது! கதை பிரபலமானது 1828 வாக்கில், வால்டர் ஸ்காட் என்ற எழுத்தாளர் தன் பேரனுக்காக எழுதிய புத்தகத்தால். அதாவது ராஜா செத்து ஐந்நூறு வருஷம் கழித்து. நடந்ததா இல்லையா தெரியாத சிலந்தி நமக்கு மனப்பாடம். நிஜமாக நடந்தது ஒன்றும் தெரியாது.

நிஜத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்தை இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டு பிடித்து வைத்திருந்த காலம். 1306 பிப்ரவரியில் டம்ஃப்ரீஸ் என்ற ஊரில், தேவாலயத்துக்குள்ளேயே, தன் போட்டியாளர் ஜான் காமினை புரூஸும் அவர் ஆட்களும் குத்திக் கொன்றார்கள். (இதையும் வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்வதில்லை.) அடுத்த மாதமே ஸ்கோன் என்ற இடத்தில் முடி சூட்டிக்கொண்டார்.

அந்நாட்டு வழக்கப்படி அரசனை அரியணையில் அமர்த்தும் உரிமை ஃபைஃப் பிரபு குடும்பத்துக்கு இருந்தது. அந்தக் குடும்பத்துப் பிரபு அப்போது சின்னப் பையன், இங்கிலாந்தின் பிடியில் இருந்தான். அதனால் அந்தக் குடும்பத்தில் பிறந்த இசபெல்லா என்ற பெண் தானே கிளம்பி வந்தாள். அவள் கணவன் யார் தெரியுமா? பக்கன் பிரபு. கொல்லப்பட்ட காமினுக்குச் சொந்தக்காரன், புரூஸுக்குப் பரம எதிரி. புருஷன் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். வந்து தன் கையால் முடியை வைத்தாள். என்னைக் கேட்டால் முதல் தைரியசாலி இவள்தான்.

ஜூன் மாதம் மெத்வென் போரில் புரூஸ் தோற்றார். வீட்டுப் பெண்களைத் தம்பி நீலோடு வடக்கே கில்ட்ரம்மி கோட்டைக்கு அனுப்பினார். கோட்டை எதிரி கையில் விழுந்தது, நீலைக் கொன்றார்கள். பெண்கள் அதற்கு முன்பே தப்பித்து டெயின் என்ற ஊர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். அடைக்கலம் புகுந்தவரைத் தொடக்கூடாது என்பது அங்கத்தி வழக்கம். ஆனாலும் ராஸ் பிரபு அவர்களைப் பிடித்து எட்வர்டிடம் கொடுத்துவிட்டான்.

இனிமேல்தான் கூண்டு வருகிறது. இசபெல்லாவை பெரிக் கோட்டையிலும், புரூஸின் தங்கை மேரியை ராக்ஸ்பர்க் கோட்டையிலும் மரத்தாலும் இரும்பாலும் கூண்டு செய்து அதில் அடைக்கச் சொல்லி உத்தரவு போட்டான் எட்வர்டு. கூண்டுக்குள் கழிப்பறை வைக்கணும், ஸ்காட்லாந்துக்காரர் யாரும் அவளோடு பேசக்கூடாது என்றுகூட அந்த உத்தரவில் இருக்கிறது. இதெல்லாம் உட்கார்ந்து யோசிச்சு எழுதியிருக்கான் பாருங்க! ஏறத்தாழ நாலு வருஷம் கூண்டு வாழ்க்கை. நாம ஒரு பாடவேளை பெஞ்சு மேல நின்னாலே அழுகிறோம்.

மகள் மார்ஜரிக்குப் பத்து வயசு போல இருக்கும். அவளைப் பெற்றதுமே அம்மா இறந்துவிட்டாள். அவளுக்கும் லண்டன் கோட்டையில் கூண்டு என்றுதான் முதல் உத்தரவு. அப்புறம் மனம் மாறி, வாட்டன் என்ற ஊரில் கன்னியர் மடத்தில் அடைத்தார்கள். இன்னொரு சகோதரி கிறிஸ்டினா வேறொரு மடத்தில். இரண்டாம் மனைவி எலிசபெத் காவலில், கூட இரண்டு வயதான பெண்கள் மட்டும்.

சிலந்தி வலை பின்னியதாகச் சொல்கிறார்களே, அது இதே 1306-07 குளிர்காலம்தான். அதே குளிர்காலத்தில் இன்னும் இரண்டு தம்பிகள், தாமஸும் அலெக்ஸாண்டரும், கார்லைலில் கொல்லப்பட்டார்கள்.

என் பக்கத்து பெஞ்சுத் தோழி கேட்டாள், "ராஜா திரும்ப வந்து ஜெயிச்சதாலதானடி அவங்க வெளியே வந்தாங்க?" என்று. உண்மைதான். 1314-ல் பானக்பர்ன் போரில் ஜெயித்து, பிடிபட்ட இங்கிலாந்து பிரபு ஒருவரைக் கொடுத்து எலிசபெத், மார்ஜரி, கிறிஸ்டினாவை மீட்டார். எட்டு வருஷம் ஆயிருந்தது. ஆனா முடி சூட்டிய இசபெல்லா அந்தப் பட்டியலில் இல்லை. 1313-க்கு அப்புறம் அவள் பெயரே எங்கும் வரவில்லை. விடாமுயற்சி செய்யணும் என்று கூண்டுக்குள் இருப்பவளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு முயற்சி செய்ய இடமே இல்லையே. அவள் செய்தது தாங்கிக்கொண்டது. அதுவும் வீரத்தில் சேர்த்திதான் என்கிறேன் நான்.

எனக்கு அதிகக் கோபம் வந்தது அடுத்த வருஷம் நடந்ததைப் படித்தபோது. 1315-ல் அயர் என்ற ஊரில் சபை கூடி, ராஜாவுக்கு ஆண் பிள்ளை பிறக்காவிட்டால் அரசு மகள் மார்ஜரிக்கு இல்லை, தம்பி எட்வர்டுக்கே என்று முடிவு செய்தார்கள். (இவர் பெயரும் எட்வர்டு, குழப்பிக்க வேண்டாம்.) போர்க்காலம், சண்டை போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்பது காரணம். மார்ஜரியின் சம்மதத்தோடுதான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காவலில் இருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பொண்ணு, அப்பா, சித்தப்பா, பிரபுக்கள் எல்லாம் எதிரே நின்னா வேற என்ன சொல்லும்? உடனே வால்டர் ஸ்டீவர்ட் என்பவருக்குக் கல்யாணமும் செய்து வைத்தார்கள். 1316-ல் மகன் பிறந்தான். அந்தச் சமயத்தில் குதிரையிலிருந்து விழுந்து அவள் இறந்தாள் என்று சொல்வார்கள். இருபது வயசு இருக்கும்.

சண்டை போடத் தெரிந்த தம்பி 1318-ல் அயர்லாந்தில் செத்தார். ராஜாவுக்குப் பிறகு மகன் பிறந்தான், டேவிட். அவனுக்கு 1328-ல், நாலு வயசில், எட்டாவது பிறந்தநாள்கூட வராத இங்கிலாந்து இளவரசி ஜோனைக் கட்டி வைத்தார்கள். சமாதான ஒப்பந்தமாம். டேவிட் 1371-ல் பிள்ளை இல்லாமல் இறந்தபோது சிம்மாசனத்தில் உட்கார்ந்தது யார்? மார்ஜரி பெற்ற மகன் இரண்டாம் ராபர்ட். ஸ்டீவர்ட் வம்சம் என்று பெரிதாகப் படிக்கிறோமே, அது இவள் வயிற்றில் வந்ததுதான். வம்சத்துக்குப் பெயர் மட்டும் புருஷனுடையது.

கிறிஸ்டினாவை விட்டுவிட்டேன். புரூஸ் 1329-ல் இறந்த பிறகு நாடு மறுபடி எதிரிகளிடம் சிக்கியது. 1335-ல் கில்ட்ரம்மி கோட்டையை எதிரிப்படை வளைத்துக்கொண்டது. தம்பி நீல் பிடிபட்ட அதே கோட்டை. உள்ளே இருந்து காத்தது வயசான கிறிஸ்டினா. அவள் கணவர் ஆண்ட்ரூ மரே படையோடு வந்து வெளியே எதிரியை முறியடிக்கும் வரைக்கும் அவள் கதவைத் திறக்கவே இல்லை.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு