தீட்டு வேறு, துயர் வேறு!

புலால் உண்பவனை இழிந்தவன் என்று சாதித் தராசில் நிறுக்கும் சைவச் செருக்கைச் சாடுகிறோம், சாடுவோம்! ஆனால் தோழர்களே, அதனால் கோழியின் துயர் பொய்யாகிவிடுமா?

நாமக்கல் பண்ணைகளைப் பாருங்கள். அடுக்கடுக்காய்க் கம்பிக் கூண்டுகள்! சிறகை விரிக்க இடமில்லை, கிளற மண்ணில்லை. ஒன்றையொன்று கொத்தாதிருக்க அலகின் நுனியையே அறுக்கிறார்கள். முட்டையினத்தில் சேவலாய்ப் பிறந்த குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் கட்டுப்படியாகாது. பொரித்த அன்றே சாவு! (புலால் நீக்கி முட்டை மட்டும் உண்ணும் புண்ணியவான்கள் கவனிக்க.) ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் வெறுங்கூண்டை விலக்கிற்று. இங்கோ, 2017இல் சட்ட ஆணையம் அறிக்கை தந்தும் கூண்டு நிற்கிறது!

பள்ளிப்பிள்ளையின் சத்துணவு முட்டையைப் பறிக்க வருவோரோடு எனக்கு உறவில்லை. பருப்பும் பயறும் வாங்க வசதி படைத்த நாம், இந்தக் கூண்டுக்குக் காசு கொடுப்பானேன்?