கடை வண்டிச் சாவி யார் கையில்?

காலை 7 மணிக்குக் கோயம்பேடு மார்க்கெட் வாசலில் போய் நின்று பாருங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வால்டாக்ஸ் ரோட்டிலோ மிண்ட் தெரு முனையிலோ நிற்கலாம். காட்சி ஒன்றுதான். ஒரு எக்ஸ்.எல். வண்டி. முன்னால் அரிசிச் சிப்பம். பின்னால் இரண்டு எண்ணெய் டின். நடுவில் மீசை முளைக்காத ஒரு பையன். ஹெல்மெட் கடையில் ஆணியில் தொங்குகிறது.

டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டுகிறார். பையன் ஓரம் கட்டுகிறான்.

"லைசென்சு எங்கேடா?"

"கடையில இருக்கு சார்."

"வயசு என்ன?"

"பதினெட்டு சார்."

சொல்லும்போதே குரல் உடைகிறது. போலீஸ்காரருக்கும் தெரிகிறது. 'ஊரை விட்டு வந்து வேலை பார்க்கிற பையன், பாவம்' என்று நினைக்கிறார். ஹெல்மெட் போடாததற்கு ஒரு ரசீது. அதுவும் இல்லை என்றால், "போ, போ, ஓரமா போ" என்று ஒரு அதட்டல். கதை அதோடு முடிந்தது என்று மூன்று பேரும் நினைக்கிறார்கள். போலீஸ்காரர், பையன், கடையில் கல்லாவில் இருக்கும் முதலாளி.

கதை முடியவில்லை. அதில் அதிகமாக மாட்டிக்கொள்ளப் போகிறவர் அந்த மூன்றாவது ஆள்தான். அவருக்கே அது தெரியாது.

அபராதம் சில்லறைக் காசு

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. அந்த வருடம் செப்டம்பர் 1-ந் தேதி முதல் தண்டனைகள் கூடின. தமிழ்நாட்டில் கூடுதல் அபராதம் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் ஊரெல்லாம் பேச்சு அபராதத்தைப் பற்றித்தான். ஹெல்மெட் இல்லையா, ஆயிரம். ஒரு வண்டியில் மூன்று பேரா, ஆயிரம். இன்சூரன்சு இல்லையா, இரண்டாயிரம். குடித்துவிட்டு ஓட்டினால் பத்தாயிரம், அதோடு ஜெயிலும் உண்டு. ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டாலும் பத்தாயிரம்.

ஹெல்மெட் போடாதவருக்கு ஆயிரம் ரூபாயோடு 3 மாதம் லைசென்சு தகுதி நீக்கம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. லைசென்சே வாங்காத பையனிடம் எதைத் தகுதி நீக்கம் செய்வது? அதனால் கடைக்காரர் கணக்கு சுலபமாக இருக்கிறது. மாதம் ஒரு தடவை மாட்டினால் ஆயிரம். அதை வண்டிக்கூலியோடு சேர்த்து எழுதிவிடலாம். ஒரு ஆட்டோ வைத்துச் சரக்கு அனுப்புவதை விட இது மலிவு.

இந்தக் கணக்கில்தான் கோளாறு.

லைசென்சு இல்லாமல் ஓட்டுகிறவருக்கு 181-வது பிரிவின்படி 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். இது பலருக்குத் தெரியும். அதற்கு முந்தின பிரிவு, 180, பலருக்குத் தெரியாது. லைசென்சு இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்தவருக்கும் அதே 5 ஆயிரம், அதே 3 மாதம். ஓட்டினவருக்கு ஒன்று, சாவி கொடுத்தவருக்கு ஒன்று.

பையனுக்கு 18 முடியவில்லை என்றால் விவகாரம் இன்னும் பெரிசு. 199-ஏ பிரிவு வருகிறது. பையனின் காப்பாளரோ வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளி என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். 3 வருடம் வரை ஜெயில், அத்துடன் 25 ஆயிரம் ரூபாய் அபராதம். இங்கே 'அல்லது' என்ற வார்த்தை கிடையாது. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடைக்காது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று சொல்லலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது சொந்தக்காரர் பொறுப்பு. கடைப் பெயர் எழுதின பில்லும் சரக்கும் வண்டியில் இருக்கும்போது அதை எந்தக் கோர்ட்டு நம்பும்?

இது ரோட்டோரத்தில் ரசீது போட்டு முடிக்கிற கேசும் அல்ல. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

50 போய் 100 ஆச்சு

"டி.வி.எஸ். 50-க்கு 16 வயசு போதும்" என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பாதி உண்மை. 50 சி.சி.க்கு உட்பட்ட எஞ்சின் என்றால் 16 வயதில் ஓட்டலாம் என்று சட்டம் இன்றும் சொல்கிறது. அதற்கும் லைசென்சு வேண்டும் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஆனால் இப்போது ரோட்டில் ஓடுவது 50 அல்ல. எக்ஸ்.எல். 100 என்ற வண்டியின் எஞ்சின் 99.7 சி.சி. பழக்கதோஷத்தில் வாய் 'டி.வி.எஸ். பிப்டி' என்கிறது. சட்டம் வாயைப் பார்க்காது, ஆர்.சி. புத்தகத்தைத்தான் பார்க்கும்.

பேட்டரி வண்டியிலும் இதே குழப்பம். 250 வாட்டுக்கு உட்பட்டு, மணிக்கு 25 கிலோ மீட்டருக்கு மேல் போகாத வண்டிக்குத்தான் லைசென்சு வேண்டாம். பையன்கள் 50, 60-ல் விரட்டுகிற பேட்டரி ஸ்கூட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.

28 லட்சம் எங்கிருந்து வரும்?

ஒரு நாள் காலை, அவசர டெலிவரி. பையன் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ராங் சைடில் நுழைகிறான். எதிரே சைக்கிளில் வந்தவர் மேல் வண்டி மோதுகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் அவர் உயிர் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 30. கம்பெனி ஒன்றில் மாதம் 15 ஆயிரம் சம்பளம். வீட்டில் மனைவி, ஒரு குழந்தை, வயதான தாய்.

எதிர்த் திசையில் ஓட்டுவதை 2019 திருத்தம் 'ஆபத்தாக ஓட்டுதல்' என்ற வகையில் சேர்த்திருக்கிறது. உயிர்ப்பலிக்கான கிரிமினல் கேசு ஒரு பக்கம் நடக்கும். நஷ்ட ஈட்டு வழக்கு இன்னொரு பக்கம். சென்னையில் அந்த மனுக்களை விசாரிப்பது ஐகோர்ட்டு வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் கோர்ட்டு. பெயர்தான் 'சிறு வழக்கு'. தொகை சிறிசாக இருக்காது.

கணக்குப் போடும் முறையை சுப்ரீம் கோர்ட்டு 2009-லும் 2017-லும் வகுத்துக் கொடுத்துவிட்டது. மாதம் 15 ஆயிரம் சம்பளம். வயது 40-க்குள், நிரந்தர உத்தியோகம் இல்லை என்றால், பிற்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 21 ஆயிரம் ஆகிறது. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 14 ஆயிரம். வருடத்துக்கு 1 லட்சத்து 68 ஆயிரம். 30 வயதுக்காரருக்கு அதை 17-ஆல் பெருக்க வேண்டும். 28 லட்சத்து 56 ஆயிரம் ரூபாய். ஈமச் செலவும், குடும்பம் துணையை இழந்ததற்கான தொகையும், வட்டியும் தனி.

இந்தப் பணத்தை யார் கொடுப்பது?

வண்டிக்கு இன்சூரன்சு இருந்து, ஓட்டினவருக்கு லைசென்சும் இருந்தால் கம்பெனி கொடுக்கும். கடைக்காரர் சாட்சி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இன்சூரன்சு இருக்கிறது, ஆனால் லைசென்சு இல்லை என்றால்? செத்தவர் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காக, முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டியின் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பு வரும். 2004-ல் சுவரண்சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு காட்டிய வழி இது. "இன்சூரன்சு கட்டியிருக்கோம், நமக்கென்ன" என்று காலை நீட்டிப் படுத்த முதலாளிக்குச் சில வருடம் கழித்துக் கம்பெனியின் நோட்டீசு வரும்.

இன்சூரன்சும் இல்லை என்றால் நேரே முதலாளி தலையில்தான். கட்டவில்லை என்றால் கோர்ட்டு கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பலாம். நில வரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிப்பார்கள். கடை, வீடு, ஊரில் உள்ள நிலம் எதற்கும் ஜப்தி வரலாம். ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு மூக்கால் அழுதவர் அப்போது என்ன செய்வார்?

"பேசித் தீர்த்துக்கலாம்" என்பார் ஒருவர். தெருவில் பெரிய மனிதர் யாரையாவது கூட்டி வைத்து, செத்தவர் குடும்பத்தின் கையில் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ திணித்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள். இது அநியாயம். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்குமாவது அந்தப் பணம் வருமா என்று யாரும் கேட்பதில்லை.

ஆறாவது வருடம்

இன்சூரன்சு எப்போது விட்டுப்போகிறது என்பதும் வேடிக்கைதான். சுப்ரீம் கோர்ட்டு உத்தரவினால் 1.9.2018 முதல், புது டூவீலர் வாங்கும்போதே 5 வருடத்துக்கு மூன்றாம் நபர் இன்சூரன்சு கட்டியாக வேண்டும். ஷோரூமிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். 5 வருடம் நிம்மதி. ஆறாவது வருடம் ஞாபகம் இருப்பதில்லை. அந்தச் சமயத்தில்தான் வண்டி பழசாகி, வீட்டு உபயோகம் போய், கடைச் சரக்கு ஏற்ற வருகிறது.

1.6.2022-ல் வந்த கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரை உள்ள டூவீலருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்சு வருடத்துக்கு 714 ரூபாய், வரி தனி. நாளைக்கு இரண்டு ரூபாய் சொச்சம். ஒரு டீ கூட வராது.

ஆபீசு குமாஸ்தாக்களுக்கும் ஒரு சேதி. பழைய ஸ்கூட்டரைக் கடைக்காரரிடம் விற்றுவிட்டு, பணத்தை எண்ணி வாங்கி, சாவியையும் ஆர்.சி.யையும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். பெயர் மாற்றம்? "அவரே பார்த்துக்குவார்." அவர் பார்ப்பதில்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. வண்டியைக் கண்ணால் பார்த்தே இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஆனால் நஷ்ட ஈட்டு நோட்டீசு அவர் வீட்டுக் கதவைத் தட்டும். விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எத்தனை பேர் செய்கிறார்கள்?

டியூசனுக்கு நேரமாகிவிட்டது என்று பிளஸ்-2 பையனிடம் ஸ்கூட்டியைக் கொடுத்து அனுப்பும் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேலே சொன்ன 199-ஏ அப்பாவுக்கும் பொருந்தும்.

போலீசும் ஆர்.டி.ஓ.வும்

போலீசாரின் இரக்கம் இந்த விசயத்தில் இரக்கமே இல்லை. லைசென்சு இல்லாத பையனை ஹெல்மெட் ரசீதோடு அனுப்பி வைத்தால், அவன் அடுத்த சிக்னல் வரை அதே வண்டியில்தான் போவான். வண்டியை நிறுத்தி வைத்து, ஆர்.சி.யில் உள்ள சொந்தக்காரரைக் கூப்பிட்டு, 180-வது பிரிவில் அவர் மேல் கேசு எழுத வேண்டும். ஒரே தெருவில் நாலு முதலாளிகள் மேல் எழுதினால் போதும், சாயங்காலத்துக்குள் மார்க்கெட் முழுக்கச் சேதி பரவிவிடும். பையனை மிரட்டிக் கையில் இருப்பதைப் பிடுங்குகிற போலீஸ்காரர்களும் சில இடங்களில் இருக்கிறார்கள் என்று கடைப் பையன்கள் சொல்வதை அதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ரசீது இல்லாமல் வாங்கும் நூறு ரூபாய் அரசாங்கத்துக்கும் போகாது, பையனையும் திருத்தாது. சட்டத்தை அமல்படுத்த வேண்டியவரே மீறினால் அபராதம் இரண்டு மடங்கு என்று 210-பி பிரிவு சொல்கிறது. ஹெல்மெட் இல்லாமல் போகும் காக்கிச்சட்டைகளுக்கும் அது தெரிந்திருப்பது நல்லது.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மளிகைக் கடைகளில் வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தெற்கத்திப் பையன்கள். ஆதாரில் ஊர் விலாசம். எல்.எல்.ஆர். போட ஒரு நாள், ஓட்டிக் காட்ட இன்னொரு நாள். அவனை அனுப்பிவிட்டால் கடையில் பொட்டலம் மடிக்க ஆள் இல்லை. இடையில் புரோக்கர் கேட்கும் தொகை வேறு. ஆனால் விலாசம் இப்போது பெரிய தடையில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாநிலத்துக்குள் எந்த ஆர்.டி.ஓ. ஆபீசிலும் மனுப் போடலாம். நேரம்தான் கஷ்டம். அதற்கு வழி செய்ய வேண்டியது போக்குவரத்துத் துறை. கோயம்பேட்டிலும் பாரிமுனையிலும் வியாபாரிகள் சங்கங்களோடு சேர்ந்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்.எல்.ஆர். முகாம் நடத்தட்டும். 18 முடிந்த பையன்களை வரிசையில் நிறுத்தி மனு வாங்கட்டும். புரோக்கர் நடுவில் வராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

18 முடியாத பையன் கடையிலேயே நிற்கட்டும். சரக்கைத் தள்ளுவண்டியிலோ ஆட்டோவிலோ அனுப்புங்கள் அண்ணாச்சி. மத்தியானம் 3 மணிக்குக் கடையில் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடக்கும் இன்சூரன்சு தாளை எடுத்து, கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். ஆர்.சி.யில் இருப்பது உங்கள் பெயரா, வண்டியை விற்றவர் பெயரா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.