அரை நிமிஷத்தில் முடிகிற ஓலைப்பெட்டி



கைப்பேசி நல்லதா கெட்டதா என்று போன மாதச் சுவரிதழில் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இரண்டையும் படித்தேன். நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் பாதி வியாபாரம் கைப்பேசியில்தான் நடக்குது, அதனால் அதைத் திட்ட எனக்கு வாய் வராது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். கைத்தொழில் செய்கிறவர்கள் விளம்பரத்துக்குச் சின்ன வீடியோ போடும்போது வேலையை வேகமாக ஓட்டிக் காட்டுகிறார்களே, அது சரியா?

எங்கம்மா ஓலைப்பெட்டி முடைவாங்க என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஆச்சிகிட்டே இருந்து கற்றுக்கொண்டது. முன்னெல்லாம் கருப்பட்டி வைக்கிற பெட்டிதான் அதிகம் போகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு கல்யாண வீட்டுக்காரர்களும் பலகாரம் வைத்துக் கொடுக்க ஓலைப்பெட்டி கேட்டு வருகிறார்கள்.

பெட்டி முடைவது பார்க்க லேசாகத் தெரியும். முதலில் பனையேறுகிற மாமா குருத்தோலை வெட்டித் தரணும். ஒரே மரத்தில் நிறைய வெட்டினால் மரம் கெட்டுப்போகும், அதனால் அளவாகத்தான் தருவார். அதை விரித்து வெயிலில் காயப்போடணும். காய்ந்த பிறகு ஈர்க்கை எடுத்துவிட்டு, ஒரே அகலத்தில் கிழிக்கணும். சாயம் வேண்டுமென்றால் கொதிக்கிற சாயத்தண்ணியில் ஓலையை முக்கி எடுத்து மறுபடியும் காயவைக்கணும். முடைவதற்கு முன்னால் ஈரத்துணியில் சுற்றி வைக்கணும், இல்லாவிட்டால் படக்கென்று ஒடியும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் அம்மா உட்காருவாங்க. மூடியோடு ஒரு பெட்டி முடைய 3 மணி நேரம். விலை 120 ரூபாய்.

போன வருஷம் பெரியம்மா மகன் அண்ணன் இதை வீடியோ எடுத்தான். நல்ல ஆசையோடுதான் எடுத்தான், அவனைக் குறை சொல்லவில்லை. 3 மணி நேர வேலையை வேகமாக ஓட்டி 30 வினாடி ஆக்கினான். பின்னால் ஒரு சினிமாப் பாட்டு. அம்மாவின் கை மிஷின் மாதிரி பறக்குது! சர்ரென்று பெட்டி முடிந்து மூடியும் போட்டாச்சு. 41 ஆயிரம் பேர் பார்த்தார்கள். எங்க வீட்டில் அன்றைக்கு ஒரே கொண்டாட்டம்.

அப்புறம் போன் வர ஆரம்பித்தது. நிறையப் பேர் விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். ஏனென்றால் வீடியோவில் விலையே இல்லை. ஒருவர் மட்டும் 50 பெட்டி வேண்டும் என்றார். "வீடியோ பார்த்தேம்மா, அரை நிமிஷத்துல முடிச்சிடுறீங்களே, அதுக்குப் போய் 120 ரூபாயா? 75-ன்னா 50 பெட்டி எடுத்துக்கிறேன்" என்றார். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. வீட்டில் அப்போது பணமுடை. சரி என்று சொல்லிட்டாங்க.

நான் கணக்கில் சுமார்தான். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பெட்டிக்கு ஓலை, சாயச் செலவு 24 ரூபாய். 120-க்கு விற்றால் அம்மா கையில் நிற்பது 96, அதாவது ஒரு மணி நேரத்துக்கு 32 ரூபாய். 75-க்கு விற்றால் நிற்பது 51. மணிக்கு 17 ரூபாய்! 50 பெட்டிக்கு 150 மணி நேரம் உட்கார்ந்து, 2,250 ரூபாய் குறைவாக வாங்கியிருக்காங்க. இதில் காயவைத்த நேரமும் கிழித்த நேரமும் சேரவே இல்லை. கடைசி நாலு நாள் விரலில் துணி சுற்றிக்கொண்டு முடைஞ்சாங்க.

எனக்கு அந்த வாங்கினவர் மேல் ரொம்பக் கோபம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லையே. கண்ணால் பார்த்ததைச் சொன்னார். அரை நிமிஷம் என்று அவருக்குக் காட்டியது யார்? நாம்தானே!

"மூணு மணி நேரம் காட்டினா எவன் பார்ப்பான்? தள்ளிட்டுப் போயிடுவான்" என்று அண்ணன் சொல்கிறான். அதுவும் உண்மைதான். நானே எத்தனை வீடியோவைத் தள்ளிவிட்டிருக்கிறேன். ஆனால் முழுசையும் காட்டு என்று யார் சொன்னது? வேகமாகக்கூட ஓட்டு. 'இதற்கு 3 மணி நேரம் ஆகும், விலை 120' என்று எழுதிப்போடு. அவ்வளவுதான் நான் கேட்பது.

இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2020 ஜூனில் டிக்டாக்கை இந்தியாவில் தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. அப்போது 15 வினாடிதான் கிடைத்தது. 2024 அக்டோபரில் ஷார்ட்ஸும் 2025 ஜனவரியில் ரீல்ஸும் 3 நிமிஷம் வரை போடலாம் என்று ஆக்கிவிட்டார்கள். 3 நிமிஷத்தில் குருத்து காய்வதைக் காட்டலாம், சாயம் கொதிப்பதைக் காட்டலாம். புதுக்கோட்டை மாவட்டத்துத் தாத்தாவும் அண்ணன்மாரும் நடத்துகிற வில்லேஜ் குக்கிங் சேனலில் அம்மியில் மசாலா அரைப்பதைக்கூட ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கிறார்களே. 2021-லேயே ஒரு கோடிப் பேர் அதில் சேர்ந்துவிட்டார்கள். அது பெரிய வீடியோ, நம்முடையது சின்னது, ஒப்பிடக் கூடாது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலையைப் பார்க்க ஜனங்களுக்குப் பிடிக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அரைப் பரீட்சை லீவில் நானே ஒரு வீடியோ எடுத்தேன். அம்மாவுக்குப் பின்னால் சுவர்க்கடிகாரம் தெரிகிற மாதிரி வைத்தேன். தொடங்கும்போது மணி 10, முடியும்போது 1. அம்மா நடுவில் எழுந்து சோற்றை வடித்தது வரைக்கும் அதில் இருக்கு. (என்னைப் பக்கத்தில் நின்று சிரிக்கச் சொன்னாள் ஒரு தோழி. "கையை மட்டும் எடு, யார் மூஞ்சியும் வேண்டாம்"னு அம்மா சொல்லிட்டாங்க. எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது.) நேரம், விலை இரண்டையும் பெரிய எழுத்தில் போட்டேன். மொத்தம் ஒன்றரை நிமிஷம். பாட்டு இல்லை, ஓலை உரசுகிற சத்தம்தான்.

1,900 பேர்தான் பார்த்தார்கள். அண்ணன் சிரித்தான். போன் செய்தவர்கள் 11 பேர். அதில் 9 பேர் வாங்கினார்கள், 120-க்கே. ஒரு அக்கா மட்டும் குறைத்துக் கேட்டாங்க. கேட்டுவிட்டு அவங்களே, "வேண்டாம், வீடியோவிலே கடிகாரம் பார்த்தேன்"னு சொல்லிட்டாங்க.

நம் வகுப்பில் தையல் கடை வைத்திருக்கிற வீடு இருக்கு, முறுக்குச் சுடுகிற வீடு இருக்கு. உங்கள் வீட்டு வீடியோவை எடுப்பதும் பெரும்பாலும் நீங்கள்தான். ஜாக்கெட் தைக்க எத்தனை மணி நேரம், மாவு பிசைய எத்தனை மணிக்கு அம்மா எழுந்தாங்க என்று அதில் எழுதிப் பாருங்கள். எழுதியதால் ஆர்டர் குறைந்தால் என்னிடம் வந்து சண்டை போடலாம்.

எங்கள் அடுத்த வீடியோ பெரிய கடகப் பெட்டி. இப்போது மழை, குருத்து காயாது, பூஞ்சை பிடிக்கும். அதனால் தை மாதம்தான் எடுக்க முடியும்.

— 9-ஆம் வகுப்பு மாணவி