காலாப்பட்டு அரங்கிற்குள் காவல்துறைக்கு என்ன வேலை?

2024 மார்ச் 29 அன்று புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைத் துறையின் ‘எழினி’ விழாவில் மாணவர்கள் ‘சோமாயணம்’ என்ற நாடகத்தை மேடையேற்றினார்கள். இராமாயணக் கதையை இன்றைய கண்ணால் பார்க்கும் பகடி அது. பாத்திரங்களின் பெயர்களைக்கூட மாற்றியிருந்தார்கள். சீதை அங்கே கீதா, இராவணன் பாவனா. ஆனாலும் ‘இந்து உணர்வு புண்பட்டுவிட்டது’ என்று ஏபிவிபி போராட்டத்தில் இறங்கியது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அது விசாரித்து முடிக்கும் முன்பே துறைத் தலைவரின் பொறுப்பு பறிபோனது. காவல்துறையும் வழக்குப் பதிந்தது.

அதே வாரம், மார்ச் 31 அன்று, மும்பை ஐஐடியில் ‘ராஹோவன்’ நாடகம் நடந்தது. அங்கும் இராமாயணம், அங்கும் அதே கூச்சல். ஜூன் மாதம் மாணவர்களுக்கு 1.2 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்பட்டது. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு இந்தத் தொகை என்ன சொல்கிறது? ‘மூட்டையைக் கட்டு’ என்று சொல்கிறது.

புதுவைக்கு இது கூடுதல் அவமானம். தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று நாம் கொண்டாடும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தது இந்த ஊரில்தான்; கருவடிக்குப்பத்தில்தான் அவர் உறங்குகிறார். பல்கலைக்கழக நாடகப் பள்ளிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ‘நந்தன் கதை’ எழுதிய இந்திரா பார்த்தசாரதி அதற்குத் தலைமை தாங்கினார். புராணத்தைத் தலைகீழாக்கிக் காட்டுவதும் நமக்குப் புதிதல்ல. நம் ஊர்ப் பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ 1934இல் மேடையேறியது. 1948இல் சென்னை மாகாண அரசு அதைத் தடை செய்தது. அதே ஆண்டு புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ தடைக்கு உள்ளானது. அந்தத் தடை நீங்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரதிதாசனுக்குச் சிலை வைத்து மாலை போடுகிற ஊரில், அவர் செய்ததைச் செய்த மாணவர்கள் மீது வழக்கு!

‘மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் மக்கள் நம்பிக்கையைக் கேலி செய்யலாமா?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மக்கள் யார்? தவம் செய்த குற்றத்துக்காகச் சம்பூகனின் தலையை வெட்டியதைத் தர்மம் என்று சொல்லக் கேட்கும்போது எங்கள் மனம் புண்படுவதில்லையா? அதற்காக நாம் காவல் நிலையத்தை நாடவில்லை. எழுதினோம், பேசினோம், மேடை போட்டோம். பெரியாரின் இராமாயண நூலின் இந்தி மொழிபெயர்ப்பை உத்தரப்பிரதேச அரசு பறிமுதல் செய்தபோது, 1976இல் உச்சநீதிமன்றம் நூலின் பக்கம் நின்றது. எம்.ஆர்.ராதாவின் நாடகத்தை ஒடுக்கக் கொண்டுவந்த 1954 நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2013இல் உயர்நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. சட்டத்தால் செய்ய முடியாததை இன்று நிர்வாகத்தின் அச்சம் செய்து கொடுக்கிறது.

அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது புதுவைப் பல்கலைக்கழகம். அதன் வேந்தர் குடியரசுத் துணைத் தலைவர். துணைவேந்தரின் நியமனம் டெல்லியில் முடிவாகிறது. மேலே பார்த்து நடக்கும் நிர்வாகத்துக்குக் கீழே இருக்கும் மாணவன் தெரிவதில்லை.

ஆனால் நமக்கு அந்த மாணவன்தான் முக்கியம். சபாக்களுக்குள் நுழைய அழைப்பில்லாத வீட்டுப் பிள்ளைகள் இடஒதுக்கீட்டின் வழியே கலை கற்க வருவது பொது நிறுவனங்களுக்குத்தான். வசதியுள்ளவருக்குத் தனியார் மேடை கிடைக்கும், வழக்கறிஞர் கிடைப்பார். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஒரு முதல் தகவல் அறிக்கை போதும், அரசு வேலைக் கனவு கலைந்துவிடும். ஓர் ஆய்வாளராக நான் தினமும் பார்ப்பது இதன் அடுத்த கட்டத்தை. ஆய்வுத் தலைப்பை எழுதும்போதே ‘இது பிரச்சினை ஆகுமா?’ என்று நண்பர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். எழுதப்படாமல் போகும் நாடகத்தைத் தடை செய்ய யாரும் வர வேண்டியதில்லை.

நமக்குப் பிடித்த ஆட்சி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதும் ஆபத்து. 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை மறு ஆண்டே மருத்துவமனையாக்க முடிவெடுத்தது அடுத்து வந்த ஆட்சி. வாசகர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள், உயர்நீதிமன்றம் தடுத்தது, நூலகம் பிழைத்தது. ஆள்பவரின் மனநிலையை நம்பி ஒரு நிறுவனத்தை விட்டுவைக்கக் கூடாது. அதற்கு விதிகள் வேண்டும்.

நம் கோரிக்கைகள் எளியவை. படைப்பு பற்றிய புகாரை முதலில் கலை அறிந்த ஆசிரியர்களும் மாணவப் பிரதிநிதிகளும் உள்ள குழு விசாரிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை யார் மீதும் நடவடிக்கை கூடாது. அறிக்கையைப் பொதுவில் வெளியிட வேண்டும். வகுப்பறைப் படைப்புக்காக மாணவர் மீது வழக்கு வந்தால், அவருக்குச் சட்ட உதவி தருவது நிறுவனத்தின் கடமை என்று விதியில் எழுத வேண்டும். நாளை நமக்கு உவப்பில்லாத நாடகம் ஒன்று மேடையேறினாலும் இதே விதிகள் அதற்கும் பொருந்த வேண்டும்.

புதுவைத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மாணவர் நாடகம் எங்கே நடந்தாலும் போய் உட்காருங்கள். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே விமர்சியுங்கள். இருக்கைகள் நிரம்பிய அரங்கிற்குள் நுழைய எந்தக் கூட்டமும் கொஞ்சம் தயங்கும்.