கிராபிக்ஸ் கார்டுக்குத் தண்ணீர் எதற்கு?

கண்ணாடி பதித்த கேபினட், உள்ளே வண்ண நீர் ஓடும் குழாய்கள், மின்னும் எல்இடி விளக்குகள். யூடியூபில் இதைப் பார்த்துவிட்டு, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து.

தண்ணீர் வெப்பத்தை அழிப்பதில்லை. கார்டிலிருந்து ரேடியேட்டருக்கு எடுத்துச் செல்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து ஃபேன்தான் அதை அறைக்குள் தள்ளுகிறது. எனவே அறையை விடக் கார்டு குளிர்ச்சியாகாது. மே மாதம் கண்டாச்சிபுரத்தில் உங்கள் அறை 40 டிகிரி என்றால், அதுதான் எல்லை. 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு 575 வாட் வரை இழுக்கும். அத்தனையும் வெப்பமாக உங்கள் அறைக்குள்தான் வரும். (ஏசி இல்லாமல் அதன் பக்கத்தில் உட்காரப் போவது நீங்கள்!) இந்தக் கார்டையே என்விடியா இரண்டு ஃபேன்களோடுதான் தயாரித்திருக்கிறது.

போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து பிளாக்கின் நுண்ணிய வழிகள் அடைபடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினாலும், செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டர் சேர்ந்தால் அரிக்கும். கசிந்தால் கார்டே போய்விடும்.

அந்தப் பணத்தில் நல்ல யுபிஎஸ், தரமான பவர் சப்ளை வாங்குங்கள். மாதம் ஒருமுறை பவரை அணைத்து, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். விளக்கு ஆசை விடவில்லையா? எல்இடி ஃபேன் ஒன்று போதும்.