சோதிக்காமல் ஹெட்டைக் கழற்றாதீர்கள்

"சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, பழைய காருக்குச் சோதனை எதற்கு?" என்கிறார் நண்பர். இதை ஏற்க முடியாது.

குளிர்ந்த காலையில் வரும் வெண்புகை பெரும்பாலும் வெறும் நீராவி; எஞ்சின் சூடானதும் மறைந்துவிடும். ஆயில் மூடிக்கு அடியில் தெரியும் பால் நிறப் பிசுக்கும் அப்படித்தான்: தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் படிந்தே உண்டாகும். எஞ்சின் கொதிப்பதற்கு அடைத்த ரேடியேட்டரோ, சிக்கிய தெர்மோஸ்டாட்டோ, சுற்றாத ஃபேனோகூடக் காரணமாகலாம்.

உண்மையைச் சொல்லும் சோதனைகள் உண்டு. எஞ்சின் நன்றாக ஆறியபின் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழிகள் நிற்காமல் வந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு ரேடியேட்டர் வாயில் பிளாக் டெஸ்ட் குழாயை வைத்தால், பெட்ரோல் வண்டியில் எரிந்த வாயு கலந்திருக்கும்போது குழாயிலுள்ள நீலத் திரவம் மஞ்சளாகும். மாருதி 800-இன் மூன்று சிலிண்டர்களில் அடுத்தடுத்த இரண்டில் கம்ப்ரஷன் குறைந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் விட்டிருக்கலாம்.

ஹெட்டைக் கழற்றினால் செலவு கேஸ்கெட்டோடு நிற்காது. லேத் வேலை, கூலண்ட், ஆயில், கூலி எல்லாம் சேரும். முதலில் சோதனையைக் கேளுங்கள். முடிவைக் கண்ணால் பார்த்தபின் ஸ்பேனரை எடுக்கச் சொல்லுங்கள்.